ஆரல்வாய்மொழிக்கு மேற்கே: எல்லைப்புறம் என்றால் என்ன?

தக்கலையில் இறங்கி பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போனவர்கள் கவனித்திருப்பீர்கள். வந்த பஸ் தமிழ்நாட்டு அரசு பஸ். வழியில் டீ குடித்த கடையும், அதைத் தாண்டி இருக்கும் தாலுகா ஆபீஸும் போலீஸ் ஸ்டேஷனும் தமிழ்நாடு. அரண்மனை வாசலில் டிக்கெட் வாங்கினால் மட்டும் அதில் கேரள அரசின் பெயர் இருக்கும். ஏறத்தாழ ஆறரை ஏக்கர் இடம், சுற்றிலும் கன்னியாகுமரி மாவட்டம், நடுவில் கேரளத் தொல்லியல் துறை. முதல் தடவை பார்த்தபோது யாரோ டிக்கெட்டை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள் என்று நினைத்தேன்.

இந்தக் குழப்பத்துக்கு ஒரு பெயர் உண்டு. எல்லைப்புறம். பள்ளிக்கூடத்தில் நமக்குச் சொல்லித் தருவது எல்லைக்கோடு. மேப்பில் புள்ளியும் கோடுமாகப் போகும். இந்தப் பக்கம் ஓர் அரசு, அந்தப் பக்கம் இன்னோர் அரசு. அது சமீபத்திய ஏற்பாடு. பழைய அரசுகளுக்கு அப்படிக் கோடு கிழிக்கத் தேவையும் இருக்கவில்லை, கருவியும் இருக்கவில்லை. ராஜாவின் அதிகாரம் தலைநகரில் கனமாக இருக்கும். தூரம் போகப் போக நீர்த்துக்கொண்டே போகும். எங்கே அது நீர்த்துப்போய், அடுத்த ராஜாவின் அதிகாரம் மெல்லத் தொடங்குகிறதோ, அந்த அகலமான பட்டைதான் எல்லைப்புறம். கோட்டுக்கு அகலம் கிடையாது. எல்லைப்புறத்துக்கு உண்டு. அதற்குள் ஊர்கள் உண்டு, வயல் உண்டு, கல்யாணம் உண்டு, கடன் உண்டு.

ஒரு ஊர் எல்லைப்புறமாக இருந்ததா என்று கண்டுபிடிக்கச் சில கேள்விகள் போதும். அங்கே எத்தனை விதக் காசு செல்லும்? வரி கேட்டு எத்தனை பேர் வருவார்கள்? ஒருவன் தப்பு செய்துவிட்டால் எவ்வளவு தூரம் நடந்தால் தப்பிக்கலாம்? இந்தக் கேள்விகளை வைத்துக் குமரி மாவட்டத்தைப் பார்த்தால் விசித்திரமான கதைகள் ஒவ்வொன்றாக வெளியே வரும்.

முதலில் நிலத்தைப் பார்த்துவிடுவோம். மேற்குத் தொடர்ச்சி மலை தெற்கே வரவர உயரம் குறைந்து, ஆரல்வாய்மொழியில் ஓர் இடைவெளி விடுகிறது. திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவில் வருகிறவர்களுக்கு அந்த இடம் கண்ணால் தெரிவதற்கு முன்னால் காதால் தெரியும். ஆனி, ஆடியில் பஸ்ஸின் ஜன்னல் கண்ணாடி கடகடவென்று அடிக்கத் தொடங்கும். முப்பந்தலில் வரிசையாகக் காற்றாலை நிற்பது அதனால்தான். மூவேந்தரும் அங்கே மூன்று பந்தல் போட்டுக் கூடினார்கள், அதனால்தான் முப்பந்தல் என்று ஊரில் சொல்வார்கள். கதையாகவே இருக்கட்டும், ஆனால் மூன்று ராஜாக்கள் சந்திக்கும் இடமாக ஜனங்கள் அந்தக் காற்றடிக்கும் பொட்டலைத் தேர்ந்தெடுத்தார்களே, அதில் ஒரு விவரம் இருக்கிறது.

கணவாய்க்குக் கிழக்கே வறண்ட செம்மண்ணும் உடைமரமும். மேற்கே காலை வைத்ததும் பழையாற்றுப் பாசனத்தில் நாஞ்சில் நாட்டு நெல்வயல். ஆக, ஒரு வாசல். அந்த வாசலுக்குப் பின்னால் ஒரு நெல் களஞ்சியம். ஆய், பாண்டியர், சோழர், வேணாட்டார் (பின்னாளில் திருவிதாங்கூர்), விஜயநகரத்தார், மதுரை நாயக்கர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் என்று எல்லாருக்கும் இதன்மேல் ஒரு கண் இருந்ததற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

அரிசி கேட்டால் யானை

இந்தப் பக்கத்து எல்லைப்புறத் தலைவர்களில் நமக்குப் பெயர் தெரிந்த பழைய ஆள் நாஞ்சில் வள்ளுவன். திருக்குறள் எழுதியவர் அல்ல, வேறொருவர். புறநானூற்றில் இவரைப் பற்றிச் சில பாட்டுகள் உண்டு. அதில் ஒன்று ஔவையார் பாடியது. சங்கதி இதுதான்: உடன் வந்த விறலியர் கொல்லையில் கீரை பறித்தார்கள். கீரைக்குப் போட நாலு அரிசி வேண்டுமே என்று ஔவை கேட்டார். நாஞ்சில் வள்ளுவன் தன் தகுதியை நினைத்துப் பார்த்துவிட்டு, மலை மாதிரி ஒரு யானையைக் கொடுத்துவிட்டார். ஔவையார் மற்றப் புலவர்களிடம் போய், இந்த ஆள் ஒரு மடையன், கேட்டீர்களா, இப்படியும் யோசனையில்லாமல் கொடுப்பது உண்டா என்று சொல்கிற மாதிரி பாட்டு அமைந்திருக்கிறது.

பாராட்டுப் பாட்டு என்று தெரிகிறது. ஆனாலும் எனக்கு அந்த யானையைப் பற்றி ஒரு சந்தேகம் எப்போதும் உண்டு. கீரை ஆய்ந்து வைத்துக்கொண்டு யானையை என்ன செய்வது? சேரனுக்கும் பாண்டியனுக்கும் நடுவில் இருந்த ஒரு சின்னத் தலைவனுக்குத் தன் பெயர் நாலு ஊருக்குத் தெரிவது உயிர்ப் பிரச்சினை. பெரிய ராஜா சும்மா இருந்தாலும் ராஜா. எல்லைப்புறத்துக்காரன் யானை கொடுத்துக் காட்ட வேண்டும்.

அடுத்த கதை முஞ்சிறைக்குப் பக்கத்தில். கி.பி. 866இல் கருநந்தடக்கன் என்ற ஆய் அரசன் பார்த்திவசேகரபுரத்தில் ஒரு விஷ்ணு கோயிலும், கூடவே ஒரு சாலையும் அமைத்தான். சாலை என்றால் ரோடு அல்ல, படிப்பும் சாப்பாடும் சேர்ந்த ஒரு கல்விக்கூடம். 95 மாணவர்களுக்கு இடம். செப்பேடு கிடைத்திருக்கிறது, ஹாஸ்டல் விதிமுறை மாதிரியே இருக்கும். ஒருவரை ஒருவர் திட்டினால் அபராதம். ஆயுதத்தோடு சண்டைக்குப் போகக் கூடாது. பணிப்பெண்களை உள்ளே வைத்துக்கொள்ளக் கூடாது. ஆயிரத்து நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் இதையெல்லாம் செப்பில் வெட்டி வைத்திருக்கிறார்கள் என்றால், அதையெல்லாம் செய்துகொண்டிருந்தார்கள் என்றுதானே அர்த்தம்?

நமக்கு வேண்டிய விஷயம் சேர்க்கை விதியில் இருக்கிறது. இலக்கணம் தெரிய வேண்டும், புரோகிதம் தெரிய வேண்டும், அப்புறம் மூன்று ராஜ்யங்களின் விவகாரமும் தெரிந்திருக்க வேண்டும். ஆய் நாடு பாண்டியனுக்கும் சேரனுக்கும் நடுவில் நெருக்கப்பட்டுக்கொண்டிருந்த காலம். மூன்று நாட்டு நடைமுறையும் தெரிந்த படித்த ஆள் இல்லாமல் அப்படிப்பட்ட இடத்தில் காலம் தள்ள முடியாது. இன்றைக்குக் களியக்காவிளைப் பக்கம் ஒரு கடைக்காரருக்குத் தமிழ், மலையாளம், இரண்டு மாநிலத்து வரி நடைமுறை மூன்றும் தெரிந்திருக்கிறதே, அது மாதிரி.

பிறகு சோழர் வந்தார்கள். வந்ததும் செய்த வேலை பெயர் மாற்றுவது. கோட்டாறு மும்முடிச்சோழநல்லூர் ஆனது. சுசீந்திரத்துக்குச் சுந்தரசோழ சதுர்வேதிமங்கலம் என்று பெயர் வைத்தார்கள். சோழர் போனார்கள், பெயர்களும் போயின. இன்றைக்கு வடசேரி பஸ் ஸ்டாண்டில் நின்று மும்முடிச்சோழநல்லூருக்கு பஸ் எப்போது என்று கேட்டுப் பாருங்கள்.

மலைக்கு ஓடுவோம் என்ற தீர்மானம்

எல்லைப்புறத்தில் வாழ்வதன் கஷ்டம் ஒன்று உண்டு. இரண்டு பக்கத்திலிருந்தும் அடி விழும். 1544இல் வடுகர் படை, அதாவது வடக்கேயிருந்து வந்த தெலுங்குப் படை, குமரிக் கரையைத் தாக்கியபோது, கடற்கரை ஜனங்கள் கடலுக்குள் இருந்த பாறைகளில் ஏறி ஒளிந்துகொண்டார்கள். குடிக்கத் தண்ணீர் இல்லை, சாப்பாடு இல்லை. அப்போது முத்துக்குளித்துறையில் இருந்த பிரான்சிஸ் சவேரியார் 20 தோணிகளில் உணவு ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். எதிர்க்காற்று. தோணி நகரவில்லை. கடைசியில் கரை வழியாக நடந்தே வந்து சேர்ந்தார். இது அவர் எழுதிய கடிதங்களிலேயே இருக்கிற செய்தி. கோட்டாற்றில் அவர் ஒற்றை ஆளாகச் சிலுவையைத் தூக்கிப் பிடித்துப் படையைத் திருப்பி அனுப்பினார் என்ற கதைதான் ஊரில் பிரபலம். எனக்கு என்னவோ, காற்றோடு மல்லுக்கட்டித் தோற்று, அப்புறம் மணலில் நடந்து வந்த மனுஷன்தான் பிடித்திருக்கிறது.

17ஆம் நூற்றாண்டின் கடைசியில் மதுரை நாயக்கர் படை கணவாய் வழியாக அடிக்கடி வந்துபோனது. வந்தவர்கள் விளைந்ததை அள்ளிக்கொண்டு போவார்கள். அவர்கள் போன பிறகு வேணாட்டு அதிகாரிகள் வந்து வரி எங்கே என்பார்கள். வெறுத்துப்போன நாஞ்சில் நாட்டார் கூட்டம் போட்டார்கள். வழக்கமான வரிக்குமேல் தர மாட்டோம், வற்புறுத்தினால் வீட்டையும் வயலையும் விட்டுவிட்டு மலைக்குப் போய்விடுவோம் என்று முடிவு செய்து ஓலையில் எழுதிக்கொண்டார்கள். ஊர் விவசாயிகள் அரசனுக்கு எதிராகத் தீர்மானம் போட்டு, அதை எழுத்திலும் வைத்தார்கள் என்றால் சாதாரண விஷயமா?

அவர்களுக்கு அந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது? எல்லைப்புறம் கொடுத்த தைரியம்தான். தலைநகருக்குப் பக்கத்தில் இருந்திருந்தால் இப்படிப் பேசியிருக்க முடியாது. இங்கே மலை பக்கத்தில் இருந்தது. மலையைத் தாண்டினால் அரசும் வேறு. குடிகள் போய்விட்டால் நெல் இல்லை. நெல் இல்லாமல் வாசலை மட்டும் வைத்துக்கொண்டு ராஜா என்ன செய்வார்? அந்தக் காலத்து நாஞ்சில் நாட்டைப் பற்றி இவ்வளவு நெருக்கமாகத் தெரிவதற்கு அழகியபாண்டியபுரம் பெரிய வீட்டு முதலியார் குடும்பத்து ஓலைகள் ஒரு முக்கிய காரணம். அவற்றைத் தேடி எடுத்து வெளியுலகத்துக்குக் காட்டியவர் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை. குழந்தைப் பாட்டுக் கவிமணி என்றுதான் நமக்குத் தெரியும். தோட்டத்தில் மேயும் வெள்ளைப் பசுவைப் பற்றி எழுதிய அதே கைதான் அந்த ஓலைகளையும் புரட்டியது.

பிடிபட்டவன் கட்டிய சுவர்

1741 ஆகஸ்ட் 10. குளச்சல். டச்சு கிழக்கிந்தியக் கம்பெனியின் படையைத் திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மாவின் படை தோற்கடித்தது. முற்றுகையின்போது திருவிதாங்கூர்ப் பீரங்கிக் குண்டு ஒன்று டச்சுக்காரர்களின் வெடிமருந்துப் பீப்பாய்மேல் விழ, அந்தத் தீயில் அவர்கள் வைத்திருந்த அரிசியெல்லாம் எரிந்துபோயிற்று. அரிசி போனால் சண்டை போன மாதிரிதான். குளச்சல் மீனவர்கள் துடுப்பைத் தோளில் சாய்த்துத் துப்பாக்கிப் படை போலக் கரையில் வரிசையாக நின்று ஏமாற்றினார்கள் என்றும் ஒரு கதை சொல்வார்கள். அதற்கு எவ்வளவு ஆதாரம் என்று கேட்காதீர்கள். கேட்க நன்றாக இருக்கும்.

பிடிபட்டவர்களில் ஒருவர் யூஸ்டாசியஸ் டி லனாய். அவரைக் கொல்லவில்லை, திருப்பி அனுப்பவும் இல்லை. நம் படைக்குப் பயிற்சி கொடுக்கிறாயா என்று கேட்டார்கள். கொடுத்தார். படிப்படியாகப் படைத்தலைவராகி, வலிய கப்பித்தான் என்று பெயர் வாங்கினார். ஏறக்குறைய 37 வருஷம் இங்கேயே வேலை பார்த்து, 1777 ஜூன் 1ஆம் தேதி இறந்தார். கல்லறை புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கிறது. அங்கே லத்தீனிலும் தமிழிலும் எழுத்து உண்டு. லத்தீன் எழுத்து வழிப்போக்கனே, நில் என்று தொடங்கும். கோட்டை இப்போது வனத்துறைப் பூங்கா. ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மான் பார்க்க வருகிறவர்களில் நிற்கிற வழிப்போக்கர்கள் கொஞ்சம் பேர்தான். அவர் மகனும் அங்கேதான் புதைக்கப்பட்டிருக்கிறான். களக்காட்டில், அதாவது எல்லைக்கு அந்தப் பக்கத்துச் சண்டையில் செத்த இளம் பிள்ளை.

எல்லைப்புறத்துக்கு இது ஒரு நல்ல அடையாளம். நடு நாட்டில் எதிரி எதிரிதான். எல்லைப்புறத்தில் எதிரி என்பவன் இன்னும் வேலைக்குச் சேராத ஆள்.

டி லனாய் செய்த வேலைகளில் நமக்கு முக்கியமானது அவர் அடைத்த வாசல். கடற்கரையில் வட்டக்கோட்டையிலிருந்து ஆரல்வாய்மொழி மலை வரைக்கும் அங்கங்கே சுவரும் காவல் அரணுமாக ஒரு தடுப்பு. வட்டக்கோட்டை இன்றும் முழுசாக நிற்கிறது. கருங்கல் மதில்மேல் ஏறினால் ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் தென்னந்தோப்பும் மலையும். ஒரு ஐரோப்பியர் கட்டிய அரண் இது. பின்னால் அதை உடைத்தவர்களும் ஐரோப்பியர்தான்.

அதற்குமுன் இன்னொரு கதை. நட்டாலத்தில் பிறந்த நீலகண்டபிள்ளை பத்மநாபபுரம் அரண்மனையில் அதிகாரி. டி லனாயோடு பழகி, கிறிஸ்தவராக முடிவு செய்தார். 1745 மே மாதம் கணவாயைத் தாண்டிக் கிழக்கே வடக்கன்குளத்துக்குப் போய் அங்கிருந்த ஏசு சபைக் குருவிடம் ஞானஸ்நானம் வாங்கினார். பெயர் தேவசகாயம். பிறகு கைதாகி, நீண்ட நாள் சித்திரவதை பட்டு, எல்லைக்கு வெளியே விடச் சொல்லி ஆரல்வாய்மொழிக்குக் கொண்டுவரப்பட்டார். அங்கேயும் ஜனங்கள் அவரைத் தேடி வந்தார்கள். 1752 ஜனவரி 14 அன்று காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய கல்லறை கோட்டாறு சவேரியார் கோயிலில் இருக்கிறது. 2022 மே 15இல் ரோமில் புனிதராக அறிவித்தார்கள். அவரைத் தண்டித்ததற்கான காரணத்தைப் பற்றி எழுதுகிறவர்களிடம் இன்னும் வாதம் உண்டு. இடத்தை மட்டும் பாருங்கள்: மதம் மாறியது எல்லைக்கு அந்தப் பக்கம், பதவியும் சிறையும் இந்தப் பக்கம், சாவு வாசற்படியில்.

1809இல் அந்த வாசல் உடைந்தது. தலக்குளத்துக்காரரான திருவிதாங்கூர் திவான் வேலுத்தம்பி தளவாய் ஆங்கிலேயரை எதிர்த்து எழுந்தார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கர்னல் செயின்ட் லெஜர் தலைமையில் படை வந்தது. நேராக மோதினால் நஷ்டம் அதிகம் என்று தெரிந்து, மேஜர் வெல்ஷ் ஒரு பிரிவோடு ராத்திரியில் பக்கத்து மலையில் ஏறினார். முள்ளும் பாறையுமாகப் பல மணி நேர ஏற்றம். பிப்ரவரி 10 விடியும்போது அவர்கள் அரணுக்கு மேலே நின்றார்கள். பீரங்கியெல்லாம் கிழக்கே பார்த்துக்கொண்டிருக்க, ஆள் தலைக்குமேல் வந்தால் என்ன செய்வது? சுவர் கட்டுகிறவர்கள் சுவரைத்தான் பார்ப்பார்கள். ஆடு மேய்க்கிறவன் வேறு வழி வைத்திருப்பான். கொஞ்ச நாளில் உதயகிரியும் பத்மநாபபுரமும் ஆங்கிலேயர் கைக்குப் போயின. வேலுத்தம்பி வடக்கே மண்ணடியில் உயிரை விட்டார்.

இரண்டு ரூபாய், இரண்டு தபால்

சண்டைக் கதைகள் போதும். எல்லைப்புறம் அன்றாடம் எப்படி இருந்தது என்று பார்க்க வேண்டுமானால் ஒரு தகரப் பெட்டியைத் திறந்தால் போதும். எங்கள் பாட்டா வைத்திருந்த பெட்டியில் ஒரு விளையின், அதாவது தோட்ட நிலத்தின், பத்திரம் இருந்தது. அவர் அதை ஆதாரம் என்றுதான் சொல்வார். மேலே சங்கு முத்திரை. தேதி கொல்லம் ஆண்டில், மாதத்தின் பெயர் துலாம். விலை பணத்திலும் சக்கரத்திலும்.

தேதியை மாற்றுவது சுலபம். கொல்லம் ஆண்டு ஆவணியில், அவர்கள் கணக்கில் சிங்க மாதத்தில், பிறக்கும். ஆவணியிலிருந்து டிசம்பர் வரை என்றால் 824ஐக் கூட்டுங்கள். ஜனவரியிலிருந்து ஆடி வரை என்றால் 825. திருவிதாங்கூரின் கோயில் நுழைவுப் பிரகடனம் வந்தது கொல்லம் 1112 துலாம் 27. அது 1936 நவம்பர் 12. இந்தக் கொல்லம் ஆண்டு கணவாயோடு நிற்கவில்லை. திருநெல்வேலிச் சீமையின் பழைய பத்திரங்களிலும் கதைப்பாட்டுகளிலும் அதுதான். அரசுகள் வேறு, காலண்டர் ஒன்று.

காசு அப்படியல்ல. 16 காசு ஒரு சக்கரம். 4 சக்கரம் ஒரு பணம். 7 பணம், அதாவது 28 சக்கரம், ஒரு சர்க்கார் ரூபாய். ஆனால் கணவாய்க்குக் கிழக்கே செல்லுகிற பிரிட்டிஷ் ரூபாய்க்கு 28 சக்கரமும் 8 காசும். இரண்டும் ரூபாய்தான், ஒன்றுக்கு அரைச் சக்கரம் கூட. அரைச் சக்கரம்தானே என்று விட்டுவிடாதீர்கள். பணகுடிச் சந்தையில் மாட்டை விற்று 100 பிரிட்டிஷ் ரூபாயோடு ஒருவன் தோவாளைக்கு வருகிறான் என்று வைத்துக்கொள்வோம். சர்க்கார் ரூபாய்க் கணக்கைவிட அவன் கையில் 50 சக்கரம் அதிகம் இருக்கிறது. மாற்றிக் கொடுக்கிறவன் சர்க்கார் ரூபாய்க் கணக்கிலேயே எண்ணிக் கொடுத்துவிட்டால் அந்த 50 சக்கரமும் அவன் மடியில். கணக்குத் தெரியாதவன் எல்லையைத் தாண்டும்போதே ஏழையாகிவிடுவான்.

சக்கரம் என்றவுடன் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். பழைய வெள்ளிச் சக்கரம் சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது. பெட்டியிலிருந்ததில் ஒன்றைப் பாட்டா என் உள்ளங்கையில் வைத்தார். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தரைவிரிசலில் விழுந்துவிட்டது. “விடு மக்ளே, சர்க்காருக்கே எண்ண முடியாத காசு அது” என்றார். அதில் உண்மை உண்டு. இவ்வளவு சின்னக் காசைக் கையால் எண்ண முடியாது என்பதால் சக்கரப் பலகை வைத்திருந்தார்கள். ஒரு மரப்பலகை முழுக்க வரிசையாகக் காசு அளவில் குழி. ஒரு கை சக்கரத்தை அள்ளிப் போட்டுக் குலுக்கினால் குழிக்கு ஒன்றாக உட்காரும். மிச்சத்தை வழித்துத் தள்ளிவிட்டால் எண்ணிக்கை முடிந்தது.

தபாலும் இரண்டு. திருவிதாங்கூருக்குள் கடிதம் போக அஞ்சல் என்ற சொந்த ஏற்பாடு. மணி கட்டிய கோலோடு அஞ்சலோட்டக்காரன் ஓடுவான். 1888 முதல் சொந்த ஸ்டாம்பு, சங்குச் சின்னத்தோடு, சக்கரக் கணக்கில். நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரத்துக்கு அஞ்சல் போதும். திருநெல்வேலிக்குப் போட வேண்டுமென்றால் பிரிட்டிஷ் தபாலுக்குப் போக வேண்டும். தொலைவு என்னவோ திருநெல்வேலிக்கும் அதே அளவுதான். 1951 ஏப்ரலில் அஞ்சல் இந்தியத் தபாலோடு சேர்ந்தது. மற்ற ஊர்க்காரர்கள் தபால், தபால் என்று சொல்லிக்கொண்டிருந்தபோது நாங்கள் சொன்ன சொல், இப்போது தமிழ்நாடு முழுக்கத் தலைமை அஞ்சல் நிலையம் என்று போர்டில் தொங்குகிறது. குமரிக்காரர்கள் இதற்காகக் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்ளலாம்.

சரக்குக்குச் சௌக்கை. சுங்கச்சாவடியைத் திருவிதாங்கூரில் அப்படித்தான் சொல்வார்கள். புகையிலை அங்கே அரசாங்கத்தின் தனி வியாபாரமாக இருந்தது. வெளியே விலை குறைவு, உள்ளே அதிகம். அப்படி இருந்தால் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. மலையில் எத்தனை ஒற்றையடிப் பாதை உண்டோ அத்தனையிலும் புகையிலைக் கட்டு நடந்து வந்தது. 1863இல் அரசு அந்தத் தனியுரிமையைக் கைவிட்டது. 1865இல் திருவிதாங்கூர், கொச்சி, பிரிட்டிஷ் இந்தியா மூன்றும் ஒப்பந்தம் போட்டுத் தங்களுக்குள் சரக்குத் தீர்வையைப் பெரும்பாலும் எடுத்துவிட்டன.

கோடு இடம் மாறிய நாள்

1949 ஜூலையில் திருவிதாங்கூர்–கொச்சி என்று ஒரே ராஜ்யம் ஆனது. தெற்கே இருந்த தமிழ்த் தாலுகாக்களைச் சென்னை ராஜ்யத்தோடு சேர்க்க வேண்டும் என்று திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியது. நேசமணி அதன் முன்னணித் தலைவர். 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டது, உயிர்கள் போயின. 1956 நவம்பர் 1 அன்று அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு நான்கும் சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆயின.

அன்றைக்கு எல்லை ஆரல்வாய்மொழியிலிருந்து எழுந்து களியக்காவிளையில் போய் உட்கார்ந்தது. மலையும் கணவாயும் இருந்த இடம் இனி சும்மா ஒரு ரோடு. தென்னந்தோப்பும் மரச்சீனி விளையுமாக, இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் கண்ணால் வித்தியாசம் தெரியாத இடம் எல்லை. ஆனால் எல்லைப்புறத்தின் பழைய குணம் கூடவே போய்விட்டது. முன்பு புகையிலை என்றால் இப்போது ரேஷன் அரிசி மேற்கே போகிறது. தமிழ்நாட்டில் 2003இல் லாட்டரியைத் தடை செய்தார்கள். களியக்காவிளையைத் தாண்டி நாலு எட்டு வைத்தால் லாட்டரிக் கடை. ஓணம் பம்பர் சமயத்தில் அங்கே நிற்கிறவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள், பாதிப் பேர் நம்ம ஊர்.

அரண்மனை மட்டும் கேரளத்திடம் இருந்தது. ராஜாவின் வீடு அது. 1795 வாக்கில் தலைநகரைத் திருவனந்தபுரத்துக்கு மாற்றியபோது ராஜா போனார், கச்சேரி என்கிற அரசாங்க ஆபீஸும் போனது. சாமிகள் போகவில்லை. அதனால் ஒவ்வொரு நவராத்திரிக்கும் ஒரு பயணம். சுசீந்திரத்திலிருந்து முன்னுதித்த நங்கை முதலில் பத்மநாபபுரம் வருவாள். வேளிமலையிலிருந்து குமாரசுவாமி வருவார். அரண்மனைத் தேவாரக்கட்டு சரஸ்வதி யானைமேல் ஏறுவாள். கம்பர் பூசித்த சரஸ்வதி அவள் என்று நம்பிக்கை. அரண்மனை உப்பரிகை மாளிகையிலிருந்து ராஜாவின் உடைவாளை எடுத்துக் கொடுப்பார்கள். கொடுக்கிறவர் கேரள அரசின் ஆள், வெளியே கூட்டத்தை ஒழுங்குபடுத்துகிறவர் தமிழ்நாட்டுப் போலீஸ். அப்புறம் நடை. முதல் ராத்திரி குழித்துறை. அடுத்தது நெய்யாற்றின்கரை. மூன்றாம் நாள் திருவனந்தபுரம்.

இரண்டாம் நாள் களியக்காவிளையில் நின்று பார்க்க வேண்டும். ரோட்டின் இரண்டு ஓரமும் நிலவிளக்கும் பூவும் பழமுமாகத் தட்டு வைத்துக் காத்திருப்பார்கள். யானை முதலில் தெரியும், பின்னால் பல்லக்குகள். ஒரு இடம் வரை தமிழ்நாட்டுப் போலீஸ் துப்பாக்கி பிடித்து மரியாதை செய்து கூட வரும். பத்தடி தள்ளிக் கேரளப் போலீஸ் அதே மாதிரி துப்பாக்கி பிடித்து நிற்கும். நடுவில் அந்தக் கொஞ்ச தூரத்தில் யாருடைய பொறுப்பிலும் இல்லாமல் யானை போகும். பக்கத்தில் நின்ற ஒரு ஆச்சி, யானை கோட்டைத் தாண்டியதும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் பேத்தியிடம் சொன்னாள்: “பூஜை முடிஞ்சு திரும்பி வருவா மக்ளே, வீடு இங்கதானே.”